வாழவந்தி நாட்டுச் சாமை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே நிலம் நாடு நாடாகப் பிரிந்து கிடக்கிறது: வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, இன்னும் பல. வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேடு இருப்பது வாழவந்தி நாட்டில். இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். ஊருக்கு ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே பட்டக்காரர் என்று ஒரு பழைய நிர்வாகமும் உண்டு. ஆனால் இன்று பேச எடுத்துக்கொண்டது அவர்கள் சாப்பாட்டை. பாட்டன் காலத்துச் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் குறைந்து, சரிவெல்லாம் மரவள்ளி ஏறிவிட்டது. பணத்தாசையில் நல்ல தானியத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று சமவெளியிலிருந்து போகிறவர்கள் சலித்துக்கொள்வது வழக்கம். அந்தத் தீர்ப்பு அவசரமானது.

சாமையின் உமி அரிசியோடு இறுகிப் பிடித்திருக்கும். குதிரிலிருந்து எடுத்து, காயவைத்து, உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தினால்தான் ஒரு வேளை உலைக்கு அரிசி தேறும். அந்த உலக்கை பெண்கள் கையில்தான் இருந்தது, அதுவும் காட்டு வேலை முடிந்த பிறகு. இந்தக் கணக்கு சிறுதானியத்தின் பெருமை பேசுகிறவர்கள் காதில் ஏனோ ஏறுவதில்லை. ரேஷன் கடையில் குத்திய அரிசியே கிடைக்கும்போது உலக்கையைக் கீழே வைத்த பெண்ணை எப்படிக் குறை சொல்வது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் விதைகளைக் காக்க முனைந்தபோது, உமி நீக்கும் இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் கொண்டுவர வேண்டியிருந்தது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று விதை எத்தனை இருந்தாலும், குத்த ஆளில்லாவிட்டால் அது பானைக்குப் போகாது.

கேழ்வரகைக் குத்தவே வேண்டாம், திரிகையில் அரைத்தால் போதும், அது ஏன் குறைந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உலக்கை ஒன்றே காரணமல்ல என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சாலை வந்தபின் லாரி மலைக்கே வருகிறது. காட்டில் கிழங்கை நட்டது காசு. வீட்டில் சாமையை நிறுத்தியது உழைப்பின் சுமை. இரண்டும் சேர்ந்தபோதுதான் பழைய பயிர் தாக்குப்பிடிக்கவில்லை. மரவள்ளி அந்நியப் பயிர் என்ற வாதமோ நிற்காது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது உண்மை; நம் கேழ்வரகும் ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்ததுதான்.

கேட்காமலே பறிபோன பயிர் எப்படியிருக்கும் என்பதற்கு அதே ஆப்பிரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. சாம்பேசி ஆற்றங்கரையில் தோங்கா மக்கள் வண்டலில் சோளமும் கம்பும் விளைத்தார்கள். 1950களின் கடைசியில் கரிபா அணை நீரைத் தேக்கியபோது, சுமார் 57,000 பேர் அந்தக் கரையை விட்டுப் பெயர்க்கப்பட்டார்கள். அவர்கள் வயலை நீர் எடுத்துக்கொண்டது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வாழவந்தி நாட்டில் நிலம் அப்படியே இருக்கிறது, பயிரை மாற்றியவர்களும் அந்த நிலத்துக்கு உரியவர்களே. ஆகவே இழப்பு என்று பொதுவாகச் சொல்லி இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

மரவள்ளிக்கும் விலை உண்டு. பத்து மாதம்போல நிலத்தைப் பிடித்துக்கொள்ளும்; சரிவில் கிழங்கைப் பறிக்கும்போது மண் இளகும், மழையில் கரையும். கேழ்வரகோடு அவரையும் கடுகும் கலந்து விதைத்த காலத்தில் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது. ஆலை விலை விழுந்தால் கிழங்குக் காட்டில் அந்த மாற்று இல்லை. ஆகவே சாமை திரும்ப வேண்டும் என்பவர்கள் மலைவாசிக்குப் பெருமையை எடுத்துச்சொல்வதைவிட, ஊருக்கு ஊர் அரைவை இயந்திரமும், நகரத்துக் கடையில் விற்கும் சிறுதானிய விலையில் ஒரு நல்ல பங்கும் கிடைக்கச் செய்வதே உருப்படியான வழி. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. அதில் கிடைத்த விளம்பரத்தின் லாபம் பொட்டலம் போடுகிறவரோடு நின்றுவிட்டால், வாழவந்தி நாட்டு விவசாயி கிழங்கையே நடுவார். அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.