உடும்புப் பொந்தும் மனநோயும்
(மாதாந்திரக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



ஜமாஅத்தார்களே, தாய்மார்களே! சூடானில் 1932-ல் பிறந்து 2021-ல் மௌத்தான மனவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ பற்றிச் சிறிது சொல்கிறேன். பெய்ரூத்திலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் படித்தவர். சூடான், மலேசியா எனப் பல நாடுகளில் பாடம் நடத்தியவர்.

முன்சென்றோர் உடும்புப் பொந்தில் நுழைந்தாலும் நீங்களும் நுழைவீர்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். அதைச் சொல்லித்தான் 1970-களில் முஸ்லிம் மனவியலாளர்களை எச்சரித்தார். ஃப்ராய்டு சொன்னதை அப்படியே விழுங்காதீர்கள் என்றார். ஆனால் பலன் தரும் சிகிச்சையைத் தள்ளவில்லை, தாமே அளித்தார். நம்மில் பலருக்கு முதல் பாதி மட்டுமே காதில் விழுகிறது.

934-ல் மறைந்த அபூஸைத் அல்பல்கீயின் மனநல நூலை ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. வீட்டில் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பதுபோல, மனம் நன்றாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார் பல்கீ. ஆயிரம் வருடத்துக்கு முன்பே!

நம் ஊரில்? பிளஸ் டூ முடித்த பிள்ளை எட்டு மாதம் அறையைவிட்டு வரவில்லை. ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். "வெளியே தெரிஞ்சா தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது" என்று டாக்டரிடம் மட்டும் போகவில்லை. ஓதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. துஆவும் கேளுங்கள், டாக்டரிடமும் போங்கள்.

நம் மருத்துவ நிதி இதற்கும் உண்டு. மனுவில் நோயின் பெயர் எழுத வேண்டாம். என்னிடம் மட்டும் சொல்லுங்கள். நடுராத்திரியானாலும் அரசின் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், காசு இல்லை.