பழங்குடிப் பிரதிநிதியும் ஊர்க் கேள்வியும்



நாணய சங்கத்தில் ஒரு பங்கு வாங்கியவன், மகாசபைக் கூட்டத்தில் எழுந்து, "வரவென்ன, செலவென்ன, கடன் எவர்க்குக் கொடுபட்டது?" என்று வினவும் உரிமை பெறுகின்றான். பங்கை வாங்கிய பின் வாய் மூடியிருப்பவனுடைய பணத்திற்குக் காவலில்லை. இந்நியாயம் ஊர்ப் பரிபாலனத்திற்கும் பொருந்தும். பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஆசனம் அவர்கள் பெற்ற பங்கேயாகும். கேள்வி பிறக்கும்போதுதான் அது பயன் தருகின்றது.

நெய்வேலியைப் பாருங்கள். 1956-ஆம் வருஷத்தில் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி தோன்றியது. நகரியத்துச் சாலைகளையும் குடிநீரையும் வைத்தியசாலையையும் கம்பெனியே பராமரித்து வருகின்றது. சுற்றுக் கிராமத்தாரோ பஞ்சாயத்தையும் ஒன்றியத்தையும் கலெக்டர் கச்சேரியையும் நாட வேண்டியவர்கள். எந்தக் குறைக்கு எவர் பொறுப்பாளி என்றறிந்து, அவரிடம் பதில் பெற்று வருவதே பிரதிநிதியின் முதற் கடமை.

பழங்குடியினர்க்குப் பிரதிநிதித்துவம் மெல்லவே வந்தது. 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் சென்னை மாகாணச் சட்டசபைக்கு 215 ஆசனங்களை வகுத்தது. அவற்றுள் பின்தங்கிய பிரதேசத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் கிடைத்தது ஒன்றே. நியூஜீலந்து தேசத்தில் மாவோரி மக்களுக்கு 1867-ஆம் வருஷத்திலேயே நான்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கு தமிழ்நாட்டில் 7,94,697 பழங்குடியினரைக் கண்டது. இராஜ்யச் சட்டசபையின் 234 தொகுதிகளுள் அவர்கட்கென அமைந்தவை ஏற்காடும் சேந்தமங்கலமுமே. இரண்டும் மலைப்பாங்கான தொகுதிகள். கடலூர் ஜில்லாவின் சமவெளியிலும் கடலோரத்திலும் வாழும் இருளர்க்கு அவ்வாசல் தொலைவிலுள்ளது. எனவே, 1993-இல் அமலுக்கு வந்த 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள், ஜனத்தொகைக்குத் தக்கபடி பஞ்சாயத்துகளிலும் நகர ஸ்தாபனங்களிலும் அளித்த ஆசனங்களே அவர்கட்குக் கிட்டிய வாசலாகும்.

இதற்குச் சான்று இந்த ஜில்லாவிலேயே உண்டு. பிச்சாவரம் காயலை அடுத்த கிள்ளைப் பேரூராட்சியின் தலைமைப் பதவி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டு, 2022-ஆம் வருஷத்தில் இருளர் குலப் பெண்மணியொருவர் அதனை ஏற்றார். காயலில் இறால் பிடித்துச் சீவனம் செய்யும் குடும்பங்கள் உள்ள ஊரில், அக்குலத்தாரே மன்றத்திற்குத் தலைமை வகிக்கலாயினர்.

எனினும், ஆசனம் சட்டத்தால் வரினும், மரியாதை தானே வருவதில்லை. பட்டியல் சாதியாரின் அநுபவம் இதற்கு எச்சரிக்கையாகும். இதே ஜில்லாவைச் சேர்ந்த தெற்குத்திட்டையில், அவ்வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி 2020 அக்டோபரில் வெளியாயிற்று. அதன்மேல் போலீஸ் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. நாற்காலியே மறுக்கப்படும் இடத்தில் கணக்குக் கேட்பது எங்ஙனம்? ஊரார் துணை நின்றாலன்றித் தனியொருவர் குரல் எடுபடாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. கடலூர் முதலிய ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராம ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அதிகாரிகள் பொறுப்பேற்றனர். தேர்தல் தாமதிக்கும் நாளெல்லாம் ஒதுக்கப்பட்ட ஆசனமும் வெறுமையாகவே கிடக்கும். ஆயினும் பிரதிநிதி இல்லாத காலத்திலும் கிராமசபை உண்டு. அதில் வாக்காளர் யாவரும் அங்கத்தினரே.

ஆகையால் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழைக் காலத்திற் பெறுதல். அஃதின்றி ஒதுக்கப்பட்ட ஆசனத்திற்குப் போட்டியிட இயலாது. இரண்டாவது, ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாட்களில் தவறாது கூடி, குடிநீர், பாதை, மனைப்பட்டா பற்றிய குறைகளைத் தீர்மானமாக எழுதச் செய்தல். வாய்ச்சொல் காற்றோடு போகும், தீர்மானப் புஸ்தகத்தில் ஏறியது நிற்கும். மூன்றாவது, தீர்மானம் கிடப்பில் விழுமாயின், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தல். உத்தியோகஸ்தர் பொதுவாக 30 நாட்களுக்குள் விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யப் பழகிய அங்கத்தினர்க்கு இவை புதியவையல்ல. எழுதப் படிக்க அறியாத அண்டை வீட்டார்க்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பதும், கிராமசபையில் அவர் பேசும்போது உடன் நிற்பதும் கூட்டுறவின்பாற்பட்டனவே.