சாக்கடையில் ஓடும் படகு



அம்ருதா பாட்டிலின் ‘காரி’ 2008இல் ஆங்கிலத்தில் வந்த சித்திர நாவல். காதலர்களான காரி, ரூத் என்ற இரு பெண்கள் மாடியிலிருந்து குதிக்கிறார்கள். ரூத்தை வலை தாங்குகிறது. காரி சாக்கடையில் விழுந்து பிழைக்கிறாள். பிறகு இரவுகளில் அதிலேயே படகோட்டுகிறாள்.

நகரம் ஏற்காத காதலுக்குச் சாக்கடை இடம் தருகிறது. வலுவான படிமம்தான். ஆனால் சேலத்திலோ நாமக்கல்லிலோ வாசிக்கும் தலித் மாணவிக்குச் சாக்கடை என்றால் தன் சனங்கள் இறங்கிச் சாகும் குழி. 2013இல் தடைச்சட்டம் வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை.

அந்த மாணவியும் ஒரு பெண்ணைக் காதலித்தால், அந்தக் கதையை யார் வரைவது?

1972இல் அமெரிக்காவில் டிரினா ராபின்ஸ், பெண்ணை நேசிக்கும் பெண்ணின் கதையை வெளியிலிருந்து வரைந்தார். அதில் நிறைவடையாத மேரி விங்ஸ், அந்த வாழ்வை வாழ்ந்தவர், 1973இல் ‘கம் அவுட் காமிக்ஸ்’ என்று தானே வரைந்து தானே வெளியிட்டார்.

நம் மாணவிக்கும் ஒரு பேனாவும் செராக்ஸ் கடையும் போதும். சாதி மறுப்புக் காதலுக்காக முழங்கும் நம் மேடைகள், அவள் பக்கங்களைப் பார்த்து முகம் திருப்பாதிருக்க வேண்டும். அந்தக் கேள்வி நம்மிடம்தான் இருக்கிறது.