பெட்டியைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கும் வெளியே போவதில்லை என்று வீட்டில் முடிவு செய்தோம். காலை டிபன் ஆனதும், வலங்கைமான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியைக் கூடத்தில் திறந்தோம். அம்மாவின் கூறைப்புடவை, அப்பாவின் வரவு செலவு நோட்டு, கொஞ்சம் பழைய போட்டோக்கள்.

பாடைகட்டி மாரியம்மன் கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஒன்று. ஓரத்தில் நின்ற பெண்ணைக் காட்டி, "இது யாரு தாத்தா?" என்றாள் பேத்தி. எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்த என் அக்கா போன வருஷம் தவறிவிட்டார்.

வங்கியில் யாருடையது என்று தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். என்றைக்காவது ஆள் வந்து கேட்பார். இந்தப் படத்துக்கு யார் வரப்போகிறார்கள்?

அன்று மாலையே ஊரிலுள்ள சித்தப்பாவை வீடியோ காலில் பிடித்தோம். அவர் சொல்லச் சொல்ல, மற்ற படங்களின் பின்புறம் பென்சிலால் அழுத்தாமல் பெயர் எழுதினோம். பேனா வேண்டாம், மை ஊறும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. கிழிந்ததை டேப் போட்டு ஒட்டினால் நாளடைவில் மஞ்சள் கறை பிடிக்கும். பட்டுப்புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வையுங்கள். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காத்ததில் வசம்புக்கும் பங்குண்டு. நாமும் அதைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடலாம்.

வசம்பு எப்போதும் கடையில் கிடைக்கும். பெயர் சொல்லும் பெரியவர்கள் அப்படியல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமையே அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்.