சுமையைப் பகிர்ந்து சுமப்போம்

(பவள விழா நன்றித் திருப்பலியின் முடிவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பவள விழாக் காணும் நம் பங்கு, கடந்த 75 ஆண்டுகளில் ஆண்டவர் பொழிந்த நன்மைகளுக்காக இன்று நன்றி கூறுகிறது. இவ்வேளையில் நாம் பட்ட துன்பங்களையும் மறப்பதற்கில்லை. 1952-லும் 1977-லும் நாகைக் கரையைப் புயல் தாக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறி, நாம் பிள்ளையைப்போல் வளர்த்த தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. ஆகவே இன்று ஒரு கேள்வியைச் சிந்திப்போம். இயற்கையின் சீற்றத்தால் ஒருவர் தம் உடைமையை இழந்தால், அந்த இழப்பை யார் சுமப்பது?

"அது அவனவன் தலைவிதி" என்பார் சிலர். "எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் கிறிஸ்தவச் சிந்தனை ஆகா. புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவர் சுமையை மற்றவர் தாங்குமாறு பணிக்கிறார். அதே அதிகாரத்தில், அவனவன் தன் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்றும் கூறுகிறார். இது முரண்பாடு அன்று. நம்மால் இயன்றதை நாம் செய்ய வேண்டும். ஒருவரால் தாங்க இயலாததற்கு அனைவரும் தோள் கொடுக்க வேண்டும்.

முதலாவது, நம் சொந்தக் கடமை. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும்போது, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாயே விவசாயி கட்டும் பிரீமியம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இதுவும் சுமையைப் பகிரும் ஒரு வழியே. கடைசித் தேதி கழிந்த பின் கைபிசைவதில் பயனில்லை.

இரண்டாவது, அரசின் கடமை. மாநிலப் பேரிடர் நிதியில் நம் மாநிலத்துக்கு மத்திய அரசு 75 பங்கும், மாநில அரசு 25 பங்கும் செலுத்துகின்றன. அது மக்களின் வரிப்பணம். ஆகவே நிவாரணம் பிச்சை அன்று, அதைக் கேட்பது உரிமை. கஜாவுக்குப் பின், விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. புதுக் கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும் என்பதை எண்ணினால், அத்தொகை எம்மட்டு என்று தோப்புக்காரருக்குத் தெரியும்.

அதையும் பெற வழியில்லாதவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். மரம் சாய்ந்தபோது, தேங்காய் பறிப்பவரின் பிழைப்பும் சாய்ந்தது. மட்டை உரிப்பவரும், கீற்று முடையும் தாய்மாரும் வேலை இழந்தார்கள். வாய்வார்த்தையாகக் குத்தகை பிடித்தவரிடம் காட்டுவதற்குப் பட்டாவும் இல்லை, சிட்டாவும் இல்லை. மரத்துக்கான இழப்பீடு மரத்துக்கு உரியவரையே சேரும். இவர்களுடைய இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இவர்களை அறிந்தவர்கள் யார்? அடுத்த வீட்டில் வாழும் நாம்தான்.

ஆகவே மூன்றாவது, பங்குச் சமூகத்தின் கடமை. அந்தியோக்கியா விசுவாசிகளை நினைத்துப் பாருங்கள். பெரும் பஞ்சம் வரும் என்று அகபு முன்னறிவித்ததுமே, அவரவர் சக்திக்கேற்பப் பணம் சேர்த்து, யூதேயாவிலுள்ள சகோதரருக்குப் பர்னபா, சவுல் கையில் அனுப்பினார்கள். நமக்கு முன்னறிவிக்கத் தீர்க்கதரிசி தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை ஆண்டுதோறும் வருகிறது.

எனவே, பவள விழா நன்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு இயற்கை இன்னல் நிதி ஒன்றைத் தொடங்குவோம். "கோயிலுக்கு முகப்பு வளைவு கட்டக் கொடுத்த பணம் அல்லவா?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கொடுத்தவர்களின் சம்மதமின்றி ஒரு காசும் எடுக்கலாகாது. ஆனால் மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார், கைதிகளை மீட்பதற்காகத் திருப்பாத்திரங்களையே உருக்கினார் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். வளைவு இரண்டு ஆண்டு தாமதிக்கலாம். கூரை இழந்த குடும்பம் இரண்டு நாளும் தாமதிக்க இயலாது.

இந்நிதிக்குச் சில ஒழுங்குகள் வேண்டும். சக்திக்கேற்ப மாதந்தோறும் கொடுப்போம். பத்து ரூபாயும் காணிக்கையே. பட்டா இல்லாதவருக்கு முதலிடம் தருவோம். சாதி, மதம் பாராது உதவுவோம். புயல் அவற்றைப் பார்த்து அடிப்பதில்லை. வரவு செலவைக் கோயிலில் எல்லோர் முன்னும் வாசிப்போம். காணிக்கைப் பணத்தைக் கொண்டுசெல்லும்போது எவரும் குறை சொல்லாதபடி, சபைகள் தேர்ந்த சகோதரரைப் புனித சின்னப்பரே உடன் வைத்துக்கொண்டாரே!

வரும் ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. குடும்பத்துக்கு ஒருவர் வந்து, சம்மதத்தையோ மறுப்பையோ மனந்திறந்து சொல்லுங்கள். நம் பாதுகாவலர் புனித அந்தோணியாரின் மன்றாட்டால், அடுத்த புயல் வரும்போது நம் பங்கில் எவரும் தனித்து நிற்காதிருக்க ஆண்டவர் அருள்வாராக. ஆமென்.