அடம்பன் கொடியும் கருவால் மூக்கனும்





அல்லாஹ்வின் படைப்புகளைச் சிந்தித்துப் பார்க்குமாறு அருள்மறை அல்குர்ஆன் நம்மைப் பல இடங்களில் அழைக்கின்றது. மன்னார்க் கரையோரத்தில் காணப்படும் இரு படைப்புகளை இன்று சிந்திப்போம்.

ஒன்று, அடம்பன் கொடி. ஆட்டின் குளம்பை ஒத்த இலையும் இளஊதா நிறப் பூவும் கொண்டது. கணுக்கள் தோறும் வேர்விட்டுப் படர்ந்து, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றது. உப்பும் வெயிலும் தாங்கி இருந்த இடத்திலேயே இருக்கின்றது.

மற்றையது, கருவால் மூக்கன் பறவை. வட ஆசியாவின் ஈரநிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்திற்கு முன் புறப்பட்டு, மன்னார், வங்காலைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றது. நீண்ட அலகால் சேற்றைத் துழாவி உண்டு, உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொண்டு மீண்டும் வடக்கே செல்கின்றது.

ஒன்று தங்குகின்றது; ஒன்று செல்கின்றது. இவற்றுள் எது சிறந்தது? இரண்டையும் படைத்தவன் ஒருவனே. இரண்டிற்கும் உணவளிப்பவனும் அவனே.

நேயர்களே! 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் வேரூன்றியோர் ஒரு சாரார். 2009இல் யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பியோர் மற்றொரு சாரார். "ஊரை மறந்தவர்கள்" என்று இவர்கள் அவர்களைச் சொல்கின்றனர். "காணிக்காகப் போனவர்கள்" என்று அவர்கள் இவர்களைச் சொல்கின்றனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இதனால் பேசாதிருப்பதையும் கண்டு வேதனைப்பட்டிருக்கின்றேன்.

அடம்பனின் விதை கடல்நீரில் மிதந்து தொலைதூரக் கரைகளை அடையும் தன்மை கொண்டது. இன்று அசையாதிருக்கும் கொடியும் ஒருநாள் அலைமேல் வந்த பயணியாக இருந்திருக்கலாம். அலையும் பறவைக்கோ, திரும்பிச் செல்ல ஒரு தாய்நிலம் உண்டு. இதை உணர்ந்தவர் எவரைப் பழிப்பார்?

தம்மிடம் ஹிஜ்ரத் செய்து வந்தோரை நேசித்த அன்ஸாரிகளை அல்லாஹ் ஸூரத்துல் ஹஷ்ரின் 9ஆம் வசனத்தில் புகழ்கின்றான். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்தொதுக்குவது ஆகாது என்றும், முதலில் ஸலாம் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆகவே, இன்றே அந்த ஸலாத்தை முந்திக்கொள்வோம். வல்ல நாயன் நம் உள்ளங்களை இணைத்தருள்வானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.