தாத்தாவிடம் யாரும் ரெஸ்யூமே கேட்கவில்லை



எங்கள் தாத்தா ராஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். 1926-இல் ஓடத் தொடங்கி, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்த கப்பல் அது. தாத்தாவிடம் படிப்பு என்ன, அனுபவம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கங்காணி அவருடைய கையையும் தோளையும் பார்த்தார். அது போதும் என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு!

இன்று அவருடைய பேரப்பிள்ளைகள் நாம், சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்கு மனுப் போடுகிறோம். நமக்காகப் பேசக் கங்காணி கிடையாது. ஒரு தாள்தான் பேச வேண்டும். அது சரியாகப் பேசுகிறதா?

சென்ற ஆண்டு ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். பாயான் லெப்பாஸில் 1972-இல் தொடங்கிய தொழிற்பேட்டையை உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 9 ஆண்டுகளாக வேலை. சிங்கப்பூருக்கு முப்பது இடங்களில் மனுப் போட்டும் ஒரு பதில்கூட இல்லை என்றார். ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தேன். பெரிய படம், அடையாள அட்டை எண், மதம், அப்பா அம்மா தொழில், உயரம், எடை எல்லாம் இருந்தன. 9 ஆண்டு வேலைக்கு மட்டும் ஒரே வரி: "மெஷின் ஆப்பரேட்டர்." அதற்குக் கீழே, "கடின உழைப்பாளி, நேர்மையானவர்."

"தம்பி, காலையில் போனால் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"டெஸ்ட் பிரிவுக்கா. நைட் ஷிப்டில் 12 பேரை நான்தான் பார்த்துக்கிறேன். புதுசா வர்றவங்களுக்கு 4 வருஷமா நான்தான் கத்துக் கொடுக்கிறேன். மெஷின் நின்னா, டெக்னீஷியன் வர்றதுக்குள்ள பாதி நேரம் நானே சரி பண்ணிடுவேன்."

"இதையெல்லாம் ஏன் எழுதல?"

"இதையெல்லாம் எழுதுவாங்களாக்கா? இது வேலைதானே!"

நேயர்களே, நம்மில் பலருக்கு இருக்கும் நோய் இதுதான். செய்ததைச் சொன்னால் தற்பெருமை என்று நினைக்கிறோம். 12 பேர், 4 ஆண்டு என்ற எண்கள்தான் தூரத்தில் இருக்கும் முதலாளிக்குப் புரியும் மொழி. 'கடின உழைப்பாளி' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை அவர் நம்பவும் மாட்டார், படிக்கவும் மாட்டார்.

இதற்கு நேர் எதிரான தவறு என்னுடையது. டிப்ளோமா முடித்த புதிதில் சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன். 'நான்கு மொழிகளில் சரளம்' என்று எழுதினேன். தமிழ், மலாய், ஆங்கிலம் சரி. நான்காவது மாண்டரின்! நேர்முகத்தில் அந்த அம்மையார் முதல் கேள்வியையே மாண்டரினில் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் 'சாப்பிட்டாச்சா' ஒன்றுதான். மற்ற மூன்று மொழிகளில் நான் எவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்பதை அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அன்று எனக்கு வெட்கத்தோடு போயிற்று. இன்று அப்படி இல்லை. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குப் புதிதாக மனுச் செய்வோர் காட்டும் டிப்ளோமா, பட்டச் சான்றிதழ்கள் உண்மைதான் என்று உறுதிப்படுத்தும் சான்றை 2023 செப்டம்பர் முதல் கேட்கிறார்கள். வேலை பாஸ் மனுவில் பொய் சொன்னால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நமக்கே உரிய இன்னும் சில சங்கதிகள் உண்டு. எஸ்.பி.எம். என்று மட்டும் எழுதினால் மெல்பர்னில் யாருக்குப் புரியும்? பள்ளி முடிவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசாங்கத் தேர்வு என்று ஒரு வரி சேருங்கள். எஸ்.கே.எம். மூன்றாம் நிலை என்றால், அது தேசியத் திறன் சான்றிதழ் என்றும் எந்தத் தொழிலில் பெற்றது என்றும் எழுதுங்கள்.

அடுத்து பெயர். நம் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கிறது. இன்னாருடைய மகன், மகள் என்பது நமக்குத் தெரியும். வெளிநாட்டில் அதை இனிஷியல் என்று எண்ணி, அப்பா பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடுவார்கள். கணினிப் படிவங்கள் பலவற்றில் அந்தச் சாய்கோடே ஏறாது. ஆகவே கடப்பிதழில் உள்ள முழுப்பெயரை எழுத்துப் பிசகாமல் ஒருமுறை எழுதுங்கள். அழைக்கும் பெயரைத் தனியாகக் குறிப்பிடுங்கள். சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால் இப்போதே கவனியுங்கள்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அனுப்பும்போது படமும் வயதும் மதமும் வேண்டாம். அடையாள அட்டை எண் எந்த நாட்டுக்கும் வேண்டாம். முகம் தெரியாதவர் கையில் அதை ஏன் கொடுக்க வேண்டும்? இரண்டு பக்கத்துக்கு மேலும் வேண்டாம்.

அந்தத் தம்பி கிளம்பும்போது கைப்பேசியைக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வேலை. கம்போடியாவில் வாடிக்கையாளர் சேவை. இங்கே வாங்குவதைப்போல் மூன்று மடங்கு சம்பளம். டிக்கெட், தங்குமிடம் இலவசம். "ரெஸ்யூமேகூட வேணாமாம்க்கா. பாஸ்போர்ட் படம் போதுமாம்." முப்பது இடங்களில் தட்டிக் களைத்தவருக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்!

எனக்குக் குலை நடுங்கியது. 2022-இல் இதே ஆசை வார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசியப் பிள்ளைகளைப் பூட்டி வைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்களே! எத்தனை தாய்மார்கள் அழுதார்கள்! ஒருவரை வேலைக்கு எடுக்கும் உண்மையான முதலாளி கேள்வி கேட்பார், சந்தேகப்படுவார், பழைய மேலாளரை விசாரிப்பார். எதுவுமே கேட்காதவருக்கு வேண்டியது உங்கள் திறமை அல்ல, உங்கள் உடம்பு. ஏஜெண்ட் மூலம் போவதென்றால் அவருக்கு உரிமம் உண்டா என்று தொழிலாளர் இலாகாவில் முதலில் விசாரியுங்கள். 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலை முகவர் சட்டப்படி அவருக்கு அது கட்டாயம்.

தம்பி அந்தச் செய்தியை அழித்தார். புதிய ரெஸ்யூமேயை இருவரும் சேர்ந்து எழுதினோம். இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு இடங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள்.

தாத்தாவிடம் ரெஸ்யூமே கேட்காததற்குக் காரணம் அவருக்குத் திறமை இல்லை என்பதல்ல. அதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறை இல்லை. இன்று கேட்கிறார்கள். பதிலை வெட்கப்படாமல், பொய்யில்லாமல் எழுதுவோம்.